வெப்பமானி சொல்லாத வெயில்

2025 மார்ச் 15, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. அந்த வெயிலில் நடந்த ஒரு கிளப் ஆட்டத்தில், வார இறுதியில் ஆசைக்காகக் கிரிக்கெட் ஆடும் ஒருவர் மைதானத்திலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். ஒரு தனிமனிதரின் சாவுக்குக் காரணம் சொல்வது மருத்துவர்களின் வேலை. வெளியில் இருந்து தீர்ப்பு எழுதுவது முறையல்ல. ஆனால் அந்த நாள், கிரிக்கெட் ஆடும் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு கேள்வியை எழுப்பியது. அந்த லீக்கின் விதிப்படி வெப்பநிலை 42 டிகிரியைத் தாண்டினால் ஆட்டம் ரத்து. அதற்குக் கீழே இருந்தால், கூடுதல் தண்ணீர் இடைவேளைகளோடு ஆடலாம். விதி என்று ஒன்று இருப்பது நல்லதுதான். ஆனால் 41 டிகிரியில் தாங்கும் உடல் 42 டிகிரியில் ஏன் தாங்காமல் போக வேண்டும்? 35 டிகிரி என்றால் எந்த ஊரிலும் பயமில்லாமல் ஆடிவிடலாமா? வெயிலில் ஆடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வெப்பமானி காட்டும் எண் போதுமானதுதானா?

நம் ஊர்களில் அப்படியொரு எண்கூடக் கிடையாது. ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் பள்ளி, கல்லூரி விடுமுறை. அப்போதுதான் ஊருக்கு ஊர் டோர்னமெண்ட். காலை ஏழு மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கும். ஒரே நாளில் நாலைந்து ஆட்டங்களை முடித்தாக வேண்டும் என்பதால் அடுத்தடுத்த ஆட்டங்கள் உச்சி வெயிலில் போய் விழும். வென்ற அணி மதியத்துக்கு மேல் மறுபடி இறங்கும். ஆடலாமா என்ற கேள்வி அங்கே இரண்டு வழிகளில் தீர்க்கப்படுகிறது. ஒன்று, செல்போனில் தெரியும் வெப்பநிலை. இன்னொன்று, ஆடுபவர்களின் தைரியம். இரண்டுமே இந்த வேலைக்குத் தகுதியில்லாத நடுவர்கள். காற்றின் ஈரம், வெயிலின் நேரடித் தாக்கம், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் வெப்பத்தோடு சேர்த்துச் சொல்லும் ஓர் அளவு இருக்கிறது. டாஸ் போடுவதற்கு முன்பே அந்த அளவைப் பார்த்து, முன்கூட்டியே எழுதிவைத்த விதிப்படி முடிவெடுக்க வேண்டும். அதற்கான காரணங்கள் உடலின் இயற்பியலில் இருக்கின்றன.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தசைகள் வேலை செய்யத் தொடங்கினால் இது பல மடங்கு ஏறும். நாம் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் ஓட்டமாகவோ வீச்சாகவோ மாறுகிறது. மீதி முழுவதும் வெப்பம். வேகமாக ஓடும் ஒருவரின் உடலில் 1,000 வாட் அளவுக்கு வெப்பம் பிறக்கலாம். உள்ளுறுப்புகள் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதால், இந்த வெப்பம் பிறக்கும் வேகத்திலேயே வெளியேறியாக வேண்டும். வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை 35 டிகிரி அளவில் இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாகவே உடலில் இருந்து காற்றுக்குப் போகும். காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் இந்தப் பாதை திரும்பிக்கொள்கிறது. காற்று உடலைச் சூடாக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு உடலுக்கு மிஞ்சியிருப்பது ஒரே வழி, வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். மனித உடலின் மிகப் பெரிய குளிர்விப்பு ஏற்பாடு இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘ஆவியானால்’ என்பது. வியர்ப்பதால் உடல் குளிர்வதில்லை. வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் வறண்ட காற்றில் சில்லென்று இருப்பதும், மழைக்கால ஈரக் காற்றில் அப்படிக் குளிராததும் இதே காரணத்தால்தான். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாக வேண்டுமென்றால் காற்றில் இடம் இருக்க வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாத மதியத்தில் ஆடும் ஒரு பவுலரைப் பாருங்கள். இரண்டு ஓவர் முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது; முழங்கையில் இருந்து துளித்துளியாகத் தரையில் சொட்டுகிறது; பந்தைத் துடைக்கக்கூட உலர்ந்த துணி கிடைப்பதில்லை. நிறைய வியர்க்கிறது, உடம்பு நன்றாக வேலை செய்கிறது என்று அவர் நினைக்கலாம். ஆனால் தரையில் சொட்டிய ஒவ்வொரு துளியும் உடலைக் குளிர்விக்காமல் போன துளி. தண்ணீரும் உப்பும் போயின; வெப்பம் உள்ளேயே இருக்கிறது.

இரண்டு மைதானங்களை எண்களால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவது, அடிலெய்டு போன்ற வறண்ட ஊரில் 42 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள மைதானம். இரண்டாவது, கடற்கரை ஊரில் 35 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள மைதானம். வியர்வையில் நனைந்த தோலின் மேல் நீராவியின் அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். முதல் மைதானத்துக் காற்றில் அது 1.2 மட்டுமே, இரண்டாவது மைதானத்தில் சுமார் 3.6. இந்த இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் வியர்வையைத் தோலில் இருந்து இழுத்துச் செல்லும் விசை. வறண்ட மைதானத்தில் அந்த வித்தியாசம் 4.4, கடற்கரையில் 2. அதாவது ஏழு டிகிரி குறைவான மைதானத்தில் வியர்வை ஆவியாகும் திறன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 42 டிகிரிக் காற்று உடலுக்குள் கூடுதலாக வெப்பத்தைத் தள்ளுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தாலும் முடிவு மாறுவதில்லை. வறண்ட வெயிலில் தடை போடுவது உடல்: எவ்வளவு வியர்வை சுரக்க முடியும், இழந்த நீரை எவ்வளவு விரைவில் ஈடுசெய்ய முடியும் என்பதே எல்லை. ஈரமான வெயிலில் தடை போடுவது காற்று: எவ்வளவு சுரந்தாலும் அது வாங்கிக்கொள்வதில்லை. முதல் ஆபத்தைத் தண்ணீரால் ஓரளவு தள்ளிப்போடலாம். இரண்டாவதைத் தண்ணீரால் தள்ளிப்போட முடியாது.

வெப்பமும் ஈரமும் மட்டும் போதாது. வெயில் என்பது இன்னொரு கணக்கு. வானிலை நிலையத்தின் வெப்பமானி, வெள்ளைச் சாயம் பூசிய மரப்பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. செய்தியில் வரும் 38, 40 எல்லாம் நிழலில் எடுத்த அளவுகள். மிட்-ஆனில் நிற்பவர் நிழலில் நிற்கவில்லை. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. காய்ந்த மண்ணும் சிமெண்ட் பிட்சும் சூடேறிக் கீழிருந்தும் வெப்பத்தை வீசுகின்றன. இவை அனைத்தையும் ஒரே எண்ணில் அடக்கத்தான் 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினருக்காக ஓர் அளவை உருவாக்கினார்கள். தென் கரோலினாவின் பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் இளம் வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க யாக்லோவும் மினார்டும் கொண்டுவந்த இந்த அளவுக்கு ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை என்று பெயர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கருங்கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் 20 சதவீதம், சாதாரண வெப்பமானியின் அளவில் 10 சதவீதம்: இம்மூன்றின் கூட்டுத்தொகை அது. வியர்வை காயுமா என்ற கேள்விக்கு 70 சதவீதமும் நாம் வழக்கமாகப் பார்க்கும் எண்ணுக்கு வெறும் 10 சதவீதமும் கொடுத்திருப்பதே, மனித உடலுக்கு எது முக்கியம் என்பதைக் காட்டிவிடுகிறது.

நம் இரண்டு மைதானங்களுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் கருங்கோளம் காற்றைவிட 15 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வறண்ட மைதானத்தில் ஈரக்குமிழ் அளவு சுமார் 22, கோளம் 57, காற்று 42. கூட்டினால் 31. கடற்கரை மைதானத்தில் ஈரக்குமிழ் 29, கோளம் 50, காற்று 35. கூட்டினால் ஏறக்குறைய 34. சாதாரண வெப்பமானியை மட்டும் பார்ப்பவர் முதல் மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டாவதில் தைரியமாக ஆடச் சொல்வார். அமெரிக்க ராணுவத்தில் இந்த அளவு 32.2-ஐத் தொட்டால் கறுப்புக் கொடி ஏற்றி, தவிர்க்கக்கூடிய கடும் பயிற்சிகளை நிறுத்திவிடுவார்கள். கால்பந்தில் உலக அமைப்பான ஃபிஃபா, 32-ஐ ஒட்டியே குளிர்விப்பு இடைவேளைகளை வகுத்தது. ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் 2019 முதல் வெப்பம், வெயில், ஈரம், காற்றோட்டம் நான்கையும் சேர்த்து ஐந்து படி அளவுகோலைப் பயன்படுத்துகிறது. பகல் முழுவதும் வெட்டவெளியில் நடக்கும் கிரிக்கெட்டின் அடிப்படை விதிகளில் மட்டும் வெப்பத்துக்கென்று ஓர் எண் இன்றுவரை இல்லை.

இது வெறும் கணக்கு என்று யாராவது நினைத்தால், அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்தவற்றைப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கர் பகுதியில், திறந்த மைதானத்தில் நடந்த அரசு விருது விழாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் ஓடவில்லை, ஆடவில்லை, உட்கார்ந்திருந்தார்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயிலும் நெரிசலும் சேர்ந்து நூற்றுக்கணக்கானோரைச் சாய்த்தன. அது கோடையே அல்ல. இரண்டும் கடலோர ஊர்கள். இரண்டு நாளிலும் வெப்பமானி 40-ஐத் தொடவில்லை. இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி கடலோரப் பகுதியில் வெப்பம் 37 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வெப்ப அலை. நம் இரண்டாவது மைதானத்தின் 35 டிகிரி நாள் அந்த வரையறைக்குள் வராது. எச்சரிக்கைச் செய்தி வரவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று முடிவு செய்யும் டோர்னமெண்ட் அமைப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் எண் அப்படி.

கடற்காற்று இதில் இன்னொரு மயக்கத்தை உண்டாக்குகிறது. சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் வெப்பமானி சட்டென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஃபீல்டிங்கில் நிற்பவர்களுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். காற்று வேகமாக வீசும்வரை அந்த ஆறுதல் உண்மையானதே. வீசும் காற்று வியர்வையைக் காயவைக்க உதவுகிறது. ஆனால் அதே காற்று கடலின் ஈரத்தையும் சுமந்துவருகிறது. மதில் சூழ்ந்த பள்ளி மைதானத்திலோ அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள திடலிலோ வேகம் அடங்கிவிடும். ஈரம் மட்டும் தங்கிவிடும். வெப்பமானி இறங்கியதைப் பார்த்து ஆட்டத்தை நீட்டிப்பவர்கள், உடலுக்குச் சாதகமில்லாத நேரத்தில் நீட்டிக்கிறார்கள்.

கிரிக்கெட் நின்றுகொண்டே ஆடும் ஆட்டம்தானே, கால்பந்து மாதிரி ஓயாமல் ஓடுவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கால்பந்து வீரர் 90 நிமிடம் அரைக்கால் சட்டையோடு ஓடுகிறார். கிரிக்கெட் வீரர் மூன்று, நான்கு மணி நேரம் வெயிலில் இருக்கிறார். லெதர் பந்தில் ஆடும் பேட்ஸ்மேன் ஹெல்மெட், க்ளவுஸ், பேடு, தொடைக்காப்பு, அடிவயிற்றுக் காப்பு எல்லாவற்றையும் அணிந்து, வியர்வை காய வேண்டிய தோலின் பெரும்பகுதியை நுரையாலும் பஞ்சாலும் மூடிவிடுகிறார். பேடுக்கும் கால்சட்டைக்கும் இடையே சிக்கிய காற்று சில நிமிடங்களில் ஈரத்தால் நிறைந்துவிடும். அதன் பிறகு காலில் சுரக்கும் வியர்வை ஷூவுக்குள் இறங்குவதைத் தவிர வேறெதற்கும் பயன்படாது. அந்தக் கோலத்தோடு ஒரு கிரீஸுக்கும் மறு கிரீஸுக்கும் இடையே உள்ள 17.68 மீட்டரை இரண்டு, மூன்று ரன்களுக்காக ஓடித் திரும்புகிறார். விக்கெட் கீப்பர் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழுகிறார். 2019-இல் பிரிட்டனில் வெளியான ‘ஹிட் ஃபார் சிக்ஸ்’ என்ற அறிக்கையில் உடலியல் அறிஞர்களும் பங்களித்தார்கள். கிரிக்கெட்டின் காப்பணிகள் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுப்பதை விளக்கிய அந்த அறிக்கை, கடும் வெப்பத்துக்கென்று தனி விதி தேவை என்று பரிந்துரைத்தது. ஈரக்குமிழ்-கோள அளவும் உடையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், பேடு கட்டியவருக்கு எல்லை இன்னும் கீழே இருக்க வேண்டும்.

விருப்பத்துக்காக ஆடுபவர்களின் நிலை தொழில்முறை வீரர்களைவிட மோசம். சர்வதேச வீரருக்குப் பின்னால் மருத்துவரும் பிசியோவும் ஐஸ் நிரப்பிய மேலங்கியும் இருக்கின்றன. அவர் வாரக்கணக்கில் வெயிலில் பயிற்சி செய்து வருகிறார். நம் வார இறுதி ஆட்டக்காரர் ஐந்து நாள் குளிரூட்டிய அறையில் வேலை செய்துவிட்டு ஆறாம் நாள் நேராக மைதானத்தில் இறங்குகிறார். வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் தொடர்ந்து வெயிலில் உழைக்க வேண்டும். அப்போதுதான் இரத்தத்தின் திரவ அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும். வாரத்துக்கு ஒரு நாள் வெயில் பட்டால் இந்த மாற்றம் வராது. வந்தாலும் சில வாரங்களில் போய்விடும். நாற்பதைக் கடந்த பலர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள். சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரைகள் உடலில் நீரைக் குறைக்கும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் இதயத் துடிப்பு தேவைக்கேற்ப ஏறுவதைத் தடுக்கும். வெயிலில் இதயத்துக்கு இரட்டை வேலை: தசைக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், குளிர்வதற்காகத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ விட்டு இரண்டு நாள் ஆகாதவர், இரவு தூங்காதவர், முந்தின நாள் மது அருந்தியவர் எல்லோருக்கும் ஆபத்து மேலும் ஏறுகிறது. இவர்களில் யாரையும் டாஸுக்கு முன் பரிசோதிக்க ஆள் கிடையாது.

நாம் வெயிலுக்குப் பிறந்தவர்கள், நம் விவசாயிகளும் கட்டடத் தொழிலாளிகளும் இதே வெயிலில்தானே உழைக்கிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. பழக்கம் என்பது உண்மை. அதைத்தான் மேலே பார்த்தோம். ஆனால் அந்தப் பழக்கம் அன்றாடம் வெயிலில் உழைப்பவரின் உடலில் இருக்கிறதே தவிர, அந்த ஊரில் பிறந்த எல்லோரின் உடலிலும் இல்லை. வயலில் வேலை செய்பவர்கள் விடியும் முன்பே இறங்கி, உச்சிப்பொழுதில் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். தலைமுறைகளாகக் கற்ற பாடம் அது. உச்சியிலும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்படுபவர்கள் நோயுறவே செய்கிறார்கள்; அவர்கள் துன்பத்தை நம் ஆட்டத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது நியாயமல்ல. மேலும் பழக்கத்தால் வியர்வையைக் கூட்ட முடியும். காற்று வாங்கிக்கொள்ளும் அளவைக் கூட்ட முடியாது. ஈரக்குமிழ் அளவு 35-ஐ எட்டினால் எந்த மனித உடலும் நெடுநேரம் தாங்காது என்று ஷெர்வுட்டும் ஹ்யூபரும் 2010-இல் கணக்கிட்டார்கள். 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூழலில் 31-ஐ ஒட்டியே அவர்கள் உடலின் வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்கியது. அந்த இளைஞர்கள் செய்தது வீட்டு வேலை அளவுக்கான மெல்லிய உழைப்பு. நம் கடற்கரை மைதானத்தின் 29-க்கும் அந்த எல்லைக்கும் இடையே இரண்டு டிகிரிதான். அங்கே ஆடுபவர் நிழலிலும் இல்லை, மெல்லவும் நடக்கவில்லை.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்ற அறிவுரை பாதி உண்மை. நீரிழப்பு இரத்தத்தின் அளவைக் குறைத்து இதயத்தைத் தவிக்கவிடும். ஆகவே மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் எல்லாம் அவசியம். ஆனால் தண்ணீர் வியர்வைக்கான மூலப்பொருள் மட்டுமே; காய்வதற்கு இடமில்லாத காற்றில் மூலப்பொருளைப் பெருக்கி என்ன பயன்? நன்றாகத் தண்ணீர் குடித்தவர்களும் வெப்ப வாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) விழுந்திருக்கிறார்கள். வியர்வையில் உப்பை இழந்துகொண்டே வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். அதுவும் உயிரைப் பறிக்கும். ஈரமான வெயிலில் உண்மையான மருந்து உடல் உண்டாக்கும் வெப்பத்தைக் குறைப்பது: ஓட்டத்தை நிறுத்தி, பேடைக் கழற்றி, நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கையிலும் குளிர்நீர் ஊற்றி, விசிறுவது.

இன்னொரு மறுப்பு இதயத்தைத் தொடுவது. தாங்கிக்கொண்டு ஆடுவதுதானே விளையாட்டு? 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த 210 ரன்களை இன்றும் வீரத்தின் உச்சமாகச் சொல்கிறோம். சமனில் முடிந்த அந்த டெஸ்டில் அவர் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார், கால்கள் இழுத்துக்கொண்டன, ஆட்டமிழந்த பின் மருத்துவமனையில் அவருக்குச் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த இன்னிங்ஸின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அறிவியல் கண்ணோடு பார்த்தால் அதில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. முதலாவது, அது மே மாதம் அல்ல. சென்னையின் வெப்பமானி உச்சத்தில் இல்லாத செப்டம்பர். 25 வயதுத் தொழில்முறை வீரரைச் சாய்த்ததில் கடலோர ஈரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாவது, அவர் வெளியேற விரும்பியபோது, கேப்டன் ஆலன் பார்டர் உனக்குப் பதிலாக உறுதியான குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை அனுப்புகிறேன் என்ற பொருள்பட உசுப்பிவிட்டார் என்பதை ஜோன்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின் நடுவில், அணியின் தேவைக்கும் ஒருவரின் உடலுக்கும் இடையே நடுநிலையாக முடிவெடுக்கக் கூடியவர் அந்த மைதானத்தில் யாரும் இல்லை. எல்லா மைதானத்திலும் நிலைமை இதுவே.

ஆடுபவர்கள் பெரியவர்கள், அவரவர் முடிவை அவரவர் எடுக்கட்டும் என்ற வாதமும் இங்கேதான் தடுக்கிறது. வெப்பம் முதலில் தாக்கும் உறுப்புகளில் மூளையும் ஒன்று. உள்வெப்பம் 40 டிகிரியைக் கடக்கும்போது மனிதர் தடுமாறுகிறார், எரிச்சல்படுகிறார், பேச்சு குழறுகிறது, தனக்கு ஒன்றும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். அபாயத்தை எடைபோட வேண்டிய கருவியே பழுதாகிப்போன நேரத்தில், அந்தக் கருவியிடம் முடிவை ஒப்படைப்பதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க முடியாது. தெளிவாக இருக்கும்போது, அதாவது ஆட்டத்துக்கு முன்பே, இரு அணிகளும் கூடி விதியை ஒப்புக்கொள்வதுதான் உண்மையான சுதந்திரம். கிரிக்கெட்டின் சட்டம் இதற்கு இடம் தருகிறது. மேரில்போன் கிரிக்கெட் கிளப் பராமரிக்கும் விதிகளில் இரண்டாவது விதி, ஆட்டக்காரர்களுக்கோ நடுவர்களுக்கோ முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய ஆபத்து இருந்தால் நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்கிறது. மழைக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் பயன்படுத்தும் அந்த அதிகாரத்தை வெப்பத்துக்கும் பயன்படுத்த நடுவருக்குத் தேவைப்படுவது ஓர் எண்.

நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதுதான் கடைசிக் கேள்வி. மைதானம் கிடைப்பதே அரிது, கிடைக்கும் நேரத்தில்தான் ஆட முடியும் என்பது உண்மை. ஆனால் மழை பெய்தால் ஆட்டம் நிற்கிறது. யாரும் மைதான வாடகையைக் காட்டி மழையோடு வாதாடுவதில்லை. ஈரக்குமிழ்-கோள அளவைக் காட்டும் கைக்கருவிகள் சந்தையில் இருக்கின்றன. ஒரு மாவட்ட லீக்கோ டோர்னமெண்ட் குழுவோ ஒன்றை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும். அதுவும் முடியாவிட்டால், வானிலைச் செயலியில் உள்ள வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கொண்டு தோராயமாகவாவது கணக்கிட்டு, ஓர் அட்டவணையாகத் தட்டச்சு செய்து ஸ்கோர் போடும் மேசையில் ஒட்டிவைக்கலாம். விதி எளிமையாக இருக்க வேண்டும். அளவு 28-க்குக் கீழே என்றால் வழக்கமான ஆட்டம். 28-இல் இருந்து 30 வரை, நான்கு ஓவருக்கு ஒருமுறை நிழலில் இடைவேளை, தடையில்லாத மாற்று ஃபீல்டர்கள். 30-இல் இருந்து 32 வரை, ஓவர்களைக் குறைத்து, ஒரு பவுலருக்கு ஒரு ஸ்பெல்லில் இரண்டு ஓவருக்கு மேல் கூடாது. அன்று ஏற்கெனவே ஆடிய அணிக்கு மறு ஆட்டம் இல்லை. 32-ஐத் தாண்டினால் ஆட்டம் கிடையாது. அளவு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சிறுவர்கள் ஆடினால் ஒவ்வொரு எல்லையும் ஒரு படி கீழே. அட்டவணையை அதிகாலைக்கும் நான்கு மணிக்குப் பிந்தைய நேரத்துக்கும் மாற்றினால் பெரும்பாலான ஆட்டங்கள் தப்பும். காலையில் ஈரப்பதச் சதவீதம் அதிகம்தான். ஆனாலும் வெயிலின் நேரடித் தாக்கமும் காற்றின் வெப்பமும் குறைவு என்பதால் கூட்டு அளவு கீழேயே இருக்கும். ஈரமும் வெயிலும் ஒன்றுசேரும் நண்பகல் நேரத்தைத் தவிர்ப்பதே பாதி வெற்றி.

விதி இருந்தும் ஒருவர் விழக்கூடும். அப்போது என்ன செய்வது என்பதை அணியில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வெயிலில் ஆடிக்கொண்டிருப்பவர் குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், சுயநினைவு தப்பினால் வெப்ப வாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்ப வாதம் என்று பலர் நம்புகிறார்கள். ஓடியாடி விழுந்தவரின் உடல் வியர்வையில் குளித்திருக்கலாம். 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம் என்பது விளையாட்டு மருத்துவத்தின் உறுதியான பாடம். குளிர்நீர்த் தொட்டி இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்தலாம். இல்லாவிட்டால் பேடு, ஷூ, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டு, விடாமல் விசிற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பம் இறங்கிவிட்டால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாரசிட்டமால் இந்த வெப்பத்தைக் குறைக்காது. ஒரு பீப்பாய் தண்ணீரும் ஒரு பெட்டி ஐஸும் இல்லாத மைதானத்தில் கோடை ஆட்டத்துக்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அதன் நடுவில் நடக்கும் ஆட்டங்களுக்கு விதி இல்லாமல் இருப்பது பொருந்தாது. வெப்பநிலையை மட்டும் நம்பும் விதி வறண்ட ஊரில் ஓரளவு காக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோரங்களில் அது காக்காது, தவறான நிம்மதியைத்தான் தரும். வரும் ஆண்டுகளில் காற்று சூடாகும்போது அது சுமக்கும் ஈரமும் கூடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் காற்றால் தாங்க முடியும் என்பது இயற்பியல். ஆகவே இந்தக் கேள்வி தணியப் போவதில்லை. நாடே நேசிக்கும் இந்த விளையாட்டை நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆடத்தான் வேண்டும். அதைத் தடுப்பது நோக்கமல்ல. எந்த மணியில் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதை வீராப்பிடம் விடாமல், உடலின் கணக்கை அறிந்த ஓர் எண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த கோடைக்கு நோட்டீஸ் அடிக்கும் ஒவ்வொரு டோர்னமெண்ட் குழுவும் பரிசுத் தொகைக்குக் கீழே அந்த எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், இந்த மாற்றம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.